துன்பத்திற்கு மருந்து தேடியவர்கள்

அரசர்கள் கல்லில் எழுதி வைப்பது பெரும்பாலும் தங்கள் வெற்றிகளையும் கொடைகளையுமே. இன்ன ஊரை எரித்தோம், இத்தனை யானைகளைக் கவர்ந்தோம், இத்தனை வேலி நிலம் தானமளித்தோம் என்பதே கல்வெட்டுகளின் வழக்கமான மொழி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மௌரியப் பேரரசர் அசோகர் வெட்டுவித்த பாறைச் சாசனங்களுள் இரண்டாவது, இவ்வழக்கிற்கு மாறானது. அது மருந்தைப் பற்றிப் பேசுகிறது. மனிதருக்கு மருத்துவம், விலங்குகளுக்கு மருத்துவம் என இருவகை மருத்துவத்திற்கு ஏற்பாடு செய்ததை அது கூறுகிறது. மூலிகைகளும் கிழங்குகளும் கனிமரங்களும் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுசென்று நடுவித்ததையும், வழிநெடுகக் கிணறு தோண்டி மரம் வளர்த்ததையும் குறிப்பிடுகிறது. தம் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் மட்டுமன்று, எல்லைக்கு அப்பாலும் இவற்றைச் செய்ததாக அசோகர் சொல்கிறார். அந்த அயல்நாட்டுப் பட்டியலில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்ற பெயரும் இடம் பெற்றுள்ளது.

யார் இந்தச் சத்தியபுத்திரர்? இவ்வினாவிற்கு வரலாற்றறிஞர்கள் நெடுங்காலம் வெவ்வேறு விடைகளைத் தந்து வந்தனர். 1981இல் திருக்கோயிலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடத்தைக் குறிக்கும் அவ்வரி, அவனைச் ‘சத்தியபுத்திரன்’ என்ற பட்டத்தோடு சுட்டுகிறது. கல்வெட்டு அசோகரின் காலத்திற்குப் பிற்பட்டது. அவ்வுறைவிடம் சமண முனிவர்க்கு அளிக்கப்பட்டிருக்கலாம் என்பர். ஆயினும் அதியர் குடிக்குரிய பெயரே சத்தியபுத்திரர் என்பது அதனால் உறுதிப்பட்டது. அதியரின் தலைநகர் தகடூர், இன்றைய தருமபுரி. ஏரியூர், பென்னாகரம், ஒகேனக்கல் எனக் காவிரியை ஒட்டி விரிந்து கிடக்கும் நம் சுற்றுப்புறங்கள் அந்நாட்டின் மடியில் இருந்தவையே. ஆகவே, வாளோடு வராமல் மூலிகையோடு வந்த ஒரு பேரரசின் பெயர்ப்பட்டியலில் நம் மண்ணுக்கும் இடமுண்டு. பௌத்தம் என்றவுடன் கயாவையும் காசியையும் நினைக்கும் நாம், இதனையும் நினைவில் கொள்ளல் தகும்.

இக்கட்டுரையில் நாம் ஆய விரும்புவது ஒன்றே. மாந்தர் ஏன் துன்புறுகின்றனர், அதிலிருந்து எவ்வாறு விடுபடுவது என்ற வினாவிற்குப் பௌத்தம் தந்த விடை யாது? அவ்விடை தமிழ் மண்ணில் எவ்வாறு வாழ்ந்தது?

போர்க்களத்தில் பிறந்த மருத்துவம்

அசோகரை மருந்தின் பக்கம் திருப்பியது கலிங்கப் போர். தம் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அவர் தரும் கணக்கு நம்மை நடுங்க வைக்கிறது. போரில் ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஒன்றரை இலட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். அதனினும் பன்மடங்கானோர் மாண்டனர். வென்ற மன்னன் தன் வெற்றியைத் தானே பழித்துரைக்கும் இத்தகைய ஆவணம் பழைய உலகில் அரிது. இறந்தவர்களைப் பற்றி மட்டும் அவர் வருந்தவில்லை. உயிர் தப்பியும் நண்பரை, உறவினரை இழந்தவர்கள் படும் வேதனையையும் அவர் எண்ணிப் பார்க்கிறார்.

ஆனால் வரலாறு நமக்கு இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்கிறது. கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இடங்களில் அசோகரின் சாசனத் தொகுதிகள் உள்ளன. அவற்றில் இந்தப் பதின்மூன்றாம் சாசனம் இல்லை. அதற்குப் பதிலாக வேறு சாசனங்கள் வெட்டப்பட்டுள்ளன. யாருக்கு இன்னல் இழைக்கப்பட்டதோ, அவர்கள் படிக்கும் இடத்தில் அந்த வருத்தம் பொறிக்கப்படவில்லை. வருந்துவது ஒன்று, வருத்தப்பட்டவரின் முன் நின்று அதைச் சொல்வது வேறொன்று. ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

ஆயினும் அவருடைய மனமாற்றத்தின் கனி மருத்துவமும் கிணறும் நிழல்மரமுமாக விளைந்தது என்பதை நாம் மறுக்க முடியாது. இது தற்செயலன்று. அவர் தழுவிய நெறியின் உள்ளமைப்பே மருத்துவ அமைப்புத்தான்.

நான்கு வாய்மைகள்

போதியடியில் விழிப்புற்ற புத்தர், காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் தம் பழைய தோழர் ஐவருக்கு ஆற்றிய முதல் உரையில் நான்கு வாய்மைகளை விளக்கினார் என்பது மரபு. துக்கம் உண்டு, துக்கத்திற்குக் காரணம் உண்டு, துக்கம் நீங்குதல் உண்டு, நீங்குதற்கு வழி உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் விசுத்திமார்க்கம் எழுதிய ஆசிரியர் புத்தகோசர் இந்நான்கையும் நோய், நோயின் காரணம், நோய் தீர்தல், மருந்து என்பவற்றோடு ஒப்பிடுகிறார். இலங்கையில் அந்நூலை எழுதிய அவர் காஞ்சியிலும் தங்கியிருந்தவர். அவர் காலத்தவராக எண்ணப்படும் புத்ததத்தரோ உறையூரைச் சேர்ந்தவர். சோழ நாட்டில் இருந்துகொண்டே பாலி மொழியில் நூல்கள் இயற்றியவர். உலகப் பௌத்தர் இன்றும் பயிலும் நூல்களில் காவிரிக்கரையின் பங்கும் இருக்கிறது.

துக்கம் என்ற சொல்லை நாம் அழுகை என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. பிறப்பு, மூப்பு, பிணி, சாவு ஆகியவை துக்கம். விரும்பாதவற்றோடு சேர்ந்திருப்பதும், விரும்புவனவற்றைப் பிரிவதும், வேண்டியது கிட்டாமையும் துக்கம். இன்பமும்கூட நிலையற்றதாதலால் அதனுள்ளும் துக்கத்தின் விதை கிடக்கிறது. இதன் காரணம் வேட்கை என்கிறார் புத்தர். ‘என்னுடையது’ என்று பற்றிக் கொள்ளும் தாகமே அது. மாறிக்கொண்டே இருப்பதை மாறாதது என்று நம்பிப் பற்றுகிறோம். அது நழுவும்போது கை வலிக்கிறது. அவ்வேட்கை அணைந்தால் துக்கமும் அணையும். அதற்கான வழியே நற்காட்சியில் தொடங்கி நல்லமைதியில் முடியும் எண்வகை நெறி. உடலை வருத்தும் கடுந்தவத்தையும், புலன்வழி ஓடும் வாழ்வையும் ஒருசேர விலக்கும் நடுவழி அது.

இங்கே நாம் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘எல்லாத் துன்பமும் முன்வினைப் பயன், அனுபவித்தே ஆகவேண்டும்’ என்பதுதான் பௌத்தம் என்று பலர் எண்ணுகின்றனர். பாலி நூல்களில் சீவகன் என்னும் துறவி புத்தரிடம் இதே வினாவை எழுப்புகிறார். மனிதர் நுகரும் இன்ப துன்பங்கள் யாவும் முன்செயலின் பயனே என்போர் உளரே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். புத்தர் அக்கருத்தை ஏற்கவில்லை. பித்தத்தால் வரும் வேதனை உண்டு. சிலேட்டுமத்தால், வாதத்தால் வருவதுண்டு. பருவ மாற்றத்தால் வருவதுண்டு. கவனக்குறைவால், பிறர் தாக்குதலால் வருவதுண்டு. வினைப்பயனால் வருவதும் உண்டு என்று காரணங்களைப் பிரித்துக் காட்டுகிறார். எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடக்குவோர் கண்கூடான உண்மையை மீறுகின்றனர் என்பது அவர் கருத்து. யோபுவின் நண்பர்களை நாம் இங்கே நினைத்துக் கொள்கிறோம். புண்பட்டுச் சாம்பலில் அமர்ந்திருந்தவனிடம், ‘நீ செய்த பாவமே இது’ என்று விளக்கம் சொல்ல வந்தவர்கள் அவர்கள். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமல்லர் என்று ஆண்டவர் மறுத்ததும் நம் நினைவுக்கு வருகிறது. துன்புறுவோனைக் குற்றவாளியாக்கும் விளக்கத்தை இரு மரபுகளும் விலக்கியிருப்பது சிந்திக்கத்தக்கது.

மற்றோர் உவமையும் பாலி நூல்களில் உண்டு. ஒருவனை ஓர் அம்பு தைக்கிறது. அதே வேளையில் இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதல் அம்பு உடலுக்கு நேரும் வலி. இரண்டாவது அம்பு, அவ்வலியைக் கண்டு மனம் தானே எய்துகொள்ளும் புலம்பலும் வெறுப்பும் அச்சமும். பயிற்சி பெற்றவன் முதல் அம்பை உணர்கிறான், இரண்டாவதை எய்துகொள்வதில்லை. துக்க வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் மக்களோடு அமர்ந்தவர்கள் இவ்வுவமையின் உண்மையை அறிவர். நோயைவிட ‘எனக்கு மட்டும் ஏன்?’ என்ற எண்ணமே பலரைக் கூடுதலாக வாட்டுகிறது.

முதலில் சோறு, பிறகு போதனை

ஆயினும் முதல் அம்பை என்ன செய்வது? பட்டினி கிடப்பவனிடம் வேட்கையை ஒழி என்று சொல்லலாமா? தமிழ்ப் பௌத்தம் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தது. அதற்குச் சான்று மணிமேகலை.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய இக்காப்பியம் முப்பது காதைகளைக் கொண்டது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலை துறவை நாடுகிறாள். மணிபல்லவத் தீவில் அவள் கையில் வந்து சேர்வது அமுதசுரபி என்னும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அப்பாத்திரத்தின் முன்கதை உள்ளத்தைத் தொடுவது. அதனை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். பெற்றவளால் கைவிடப்பட்டுப் பசுவால் காக்கப்பட்டவன். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை மீட்டதற்காக ஊரால் ஒதுக்கப்பட்டவன். மதுரையில் அவன் குருடர், முடவர், ஆதரவற்றோர் யாவர்க்கும் சோறிட்டு வந்தான். பின்னர் மழை பெய்து நாடு செழித்தது. அவனிடம் சோறு கேட்பாரில்லை. பசித்தோரைத் தேடிக் கப்பலேறியவன், ஆளில்லாத தீவில் தனித்து விடப்பட்டான். தன் ஒருவன் வயிற்றுக்கு அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர்நீத்தான். கொடுப்பதற்காகவே பெற்றதைத் தனக்கென வைத்துக்கொள்ள அவனால் இயலவில்லை.

அதே பாத்திரத்தை ஏந்தி மணிமேகலை புகார் நகரத் தெருக்களில் நடக்கிறாள். முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. முதலில் பசி தீர்ந்தவள் எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ நோயால் வருந்திய காயசண்டிகை. பின்னர் சிறைக்கூடம் சென்று கைதிகளுக்கு உணவிடுகிறாள். அதைக் கேட்டு மகிழ்ந்த சோழ மன்னன் வேண்டியதைக் கேள் என்றபோது, தனக்கென எதுவும் கேளாமல், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுமாறு வேண்டுகிறாள். கடைசியில் காஞ்சியில் பஞ்சம் தலைவிரித்தாடிய வேளையில் அங்கே சென்று மக்களின் பசியாற்றுகிறாள். இத்தனைக்கும் பிறகுதான், காப்பியத்தின் கடைசிக் காதையில், அறவண அடிகள் அவளுக்குத் துக்கத்தின் தோற்றத்தையும் நீக்கத்தையும் பற்றிய தத்துவத்தை முழுமையாக விளக்குகிறார். பேதைமையில் தொடங்கி, வேட்கை, பற்று எனச் சங்கிலியாய்த் தொடர்ந்து, பிறப்பிலும் மூப்பிலும் சாவிலும் முடியும் பன்னிரு சார்புகளை அவர் எடுத்துரைக்கிறார். ஒன்று இருப்பதால் மற்றொன்று உண்டாகிறது. ஒன்று அற்றால் மற்றொன்றும் அறுகிறது. இவ்விளக்கம் முப்பதாவது காதையில் வருகிறது, சோறோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. இவ்வரிசையே ஒரு போதனை.

சாத்தனார் இதைத் தாமாகப் புனைந்துரைக்கவில்லை. ஆளவி என்னும் ஊரில் நிகழ்ந்ததாகத் தம்மபத உரை ஒன்றைக் கூறுகிறது. புத்தரின் உரையைக் கேட்க ஏங்கிய ஓர் ஏழை உழவனின் எருது அன்று காணாமற் போயிற்று. அதைத் தேடிப் பிடித்துவிட்டு, உண்ணாமலே ஓடி வந்தான். அவன் வரும்வரை வாய் திறவாது காத்திருந்தார் புத்தர். வந்தவுடன் முதலில் அவனுக்கு உணவளிக்கச் சொன்னார். அவன் உண்டு களைப்பாறிய பின்னரே பேசத் தொடங்கினார். பசியினும் பெரிய பிணி இல்லை என்பது அவ்விடத்தில் அவர் உணர்த்திய கருத்து.

பசி தீர்ந்த பின்னும் தீராத துன்பம் உண்டு என்பதையும் அக்காப்பியம் அறியும். இளவரசன் உதயகுமரன் வெட்டுண்டு இறக்கிறான். பெற்ற தாயாகிய அரசமாதேவி பழிவாங்கும் வெறியில் மணிமேகலையைச் சிறையிலிட்டு வருத்துகிறாள். இறுதியில் உண்மை உணர்ந்து தளர்ந்த அத்தாயிடம் மணிமேகலை பேசும் பேச்சு ஆறுதலா, அதட்டலா என்று நமக்கே ஐயம் எழும். உடலுக்காக அழுகிறாயானால் அதை எரியூட்டியவர் யார், உயிருக்காக அழுகிறாயானால் அது போன இடத்தை அறிவாயா என்னும் பொருளில் அவள் வினவுகிறாள்; எல்லா உயிர்க்கும் இரங்கக் கற்றுக்கொள் என்கிறாள். இறந்தவனோ முற்பிறப்பில் தன் கணவனாயிருந்தவன் என்று அறிந்தவள் அவள். தன் துயரைத் தானே கடந்து வந்தவள் சொல்வதால்தான் அச்சொல்லுக்கு வலிமை.

இதே பாடத்தைக் கிசா கோதமியின் கதை மென்மையாகச் சொல்கிறது. இறந்த குழந்தையைத் தோளில் சுமந்து மருந்து கேட்டு வந்தவளிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றார் புத்தர். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு நிகழாத வீடு ஒன்றும் இல்லை. அவர் அவளுக்கு விரிவுரை ஆற்றவில்லை. அண்டை வீடுகளுக்கு அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும் தன்னைப் போல் இழந்த ஒருவரை அவள் கண்டாள். தனிமை உடைந்தபோது துக்கத்தின் பிடியும் தளர்ந்தது.

மறைந்தவையும் எஞ்சியவையும்

இத்தகைய நெறி தமிழகத்தை விட்டு எங்கே போயிற்று? அதன் கடைசிப் பெருங்கோட்டை நாகப்பட்டினம். முதலாம் இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னனின் பெயரால் அங்கே எழுந்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. சைவனாகிய மன்னன் பௌத்தப் பள்ளிக்கு நிலம் அளித்தான். பிற்காலத்தில் அங்கே ‘சீனக் கோபுரம்’ என்று அழைக்கப்பட்ட பாழடைந்த செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. அதைச் சார்ந்த நிலத்தில் கல்லூரி நடத்திய இயேசு சபைக் குருக்கள் அதனை அகற்ற அரசின் இசைவைக் கேட்டுப் பெற்றனர். 1867இல் அது அகற்றப்பட்டது. 1856 முதல் அவ்வட்டாரத்தில் மண்ணுக்கடியிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் வெளிப்பட்டன. கத்தோலிக்கராகிய நாம் இவ்வரலாற்றை மறைக்காமல் படிக்க வேண்டும். அன்றையோர்க்கு அது இடிந்துவிழும் ஆபத்துள்ள ஒரு கட்டடம். இன்று நமக்கு அது இழந்துபோன ஒரு சான்று.

நம் அண்டையிலும் அடையாளங்கள் எஞ்சியுள்ளன. சேலம் மாவட்டம் தியாகனூரில் புத்தர் சிலைகள் அமர்ந்திருக்கின்றன. சேலம் நகரில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று மக்கள் வழிபட்டு வந்த சிலை புத்தருடையதே என்று தொல்லியல் ஆய்வின் அடிப்படையில் சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. பெயர் மாறியது, வடிவம் மாறவில்லை. தங்கள் நோய்க்கும் கடனுக்கும் விடை தேடி வந்த எளிய மக்கள் அவர் முன் எத்தனை தலைமுறை நின்றிருப்பர்!

பண்டிதரும் பாபாசாகேபும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விடை மீண்டும் தமிழ் மண்ணில் ஒலித்தது. 1898ஆம் ஆண்டை நாம் குறித்துக்கொள்ளலாம். அவ்வாண்டில்தான் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அரும்பதவுரையோடு பதிப்பித்து வெளியிட்டார். அதே ஆண்டில் பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று பௌத்தம் தழுவி, சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஏடு ஒன்று அச்சேறியது. நெறி ஒன்று உயிர்பெற்றது.

1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாயிற்று. சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் வேரூன்றின. தங்கவயலின் ஆழம் 3 கிலோமீட்டரையும் கடந்தது. பாறை வெடிப்புக்கும் நுரையீரலை அரிக்கும் தூசிக்கும் நடுவே உழைத்த தமிழ்த் தொழிலாளர் மாலை வேளைகளில் கூடிப் புத்த தருமத்தைப் பயின்றனர். அவர்களுடைய துன்பத்திற்குக் காரணம் அவர்களுடைய வேட்கைதானா? தீண்டாமையை விதித்தவரின் வேட்கையன்றோ? அயோத்திதாசரின் எழுத்து முழுவதிலும் இவ்வினா ஓடுகிறது. ஒடுக்கப்பட்டோர் முற்காலத்தில் பௌத்தராய் இருந்தவர்கள், அந்நெறியைக் கைவிடாததாலேயே தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் துணிபு. வரலாற்றறிஞர் இதை எல்லாக் கூறுகளிலும் ஏற்பதில்லை. ஆயினும் ‘உன் இழிவு உன் வினை’ என்று காதில் ஓதப்பட்ட மக்களுக்கு, ‘உன் இழிவு பிறர் இழைத்த அநீதி’ என்று சொல்லி முதுகை நிமிர்த்தியது அத்துணிபே.

இதே வினாவை டாக்டர் அம்பேத்கர் இன்னும் கூர்மையாக எழுப்பினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவிய அவர், மறுவருடம் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற நூலின் முன்னுரையில், நான்கு வாய்மைகள் புத்தரின் மூலப் போதனையைச் சேர்ந்தவைதாமா என்றே வினவுகிறார். வாழ்வே துக்கம், பிறப்பே துக்கம் என்றால் மனிதனுக்கு நம்பிக்கை ஏது என்பது அவர் வாதம். மனிதன் மனிதனுக்கு இழைக்கும் அநீதியால் விளையும் துக்கத்தை அகற்றுவதே தம்மத்தின் நோக்கம் என அவர் கண்டார். மரபுவழிப் பௌத்தர் பலர் இதனை ஏற்கவில்லை. ஆயினும் ஆபுத்திரனையும் மணிமேகலையையும் அறிந்த தமிழருக்கு இவ்விளக்கம் முற்றிலும் புதியதன்று. ஊரால் ஒதுக்கப்பட்டவன் கையில்தானே அமுதசுரபி முதலில் வந்தது!

ஈழம் எழுப்பும் கேள்வி

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் நம்மைத் தடுத்து நிறுத்தக்கூடும். ‘அருளைப் போதித்த மதம் என்கிறீர்களே, இலங்கையில் எம்மினம் பட்டது என்ன?’ இது நேர்மையான கேள்வி. 1983 சூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன. 2009 மே மாதம் வரை போர் நீண்டது. பௌத்தத்திற்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பைக் கொண்ட நாட்டில் இவை நிகழ்ந்தன. துறவிகளுள்ளும் பகைமையைத் தூண்டியோர் இருந்தனர். நெறி ஒன்று இனத்தின் கொடியாகும்போது, ‘எம்முடையது’ என்னும் பற்று அதனையே விழுங்கிவிடுகிறது. எந்த நோய்க்கு மருந்தாக அது வந்ததோ, அந்நோயே மருந்துப் பேழையைக் கைப்பற்றுகிறது. சிலுவையைக் கொடியாக ஏந்திச் சென்ற போர்களை அறிந்த நாம் இதை அயலாரின் குறையாக மட்டும் சொல்ல இயலாது. மருந்தைக் கொண்டிருப்பது ஒன்று; உண்பது வேறு.

நம் கிணற்று நீர்

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். தருமபுரி மாவட்டத்தில் பல தலைமுறையாக மக்களின் பற்கள் மஞ்சளும் பழுப்புமாய்க் கறைபட்டிருந்தன. நடுவயதிலேயே மூட்டுகள் இறுகி முதுகு வளைந்தோரையும் கண்டோம். திருமணச் சந்தையில் பெண்கள் வாய் திறந்து சிரிக்கக் கூசினர். இது குடும்பச் சாபம் என்றும் விதி என்றும் நம்பியோர் பலர். உண்மைக் காரணம் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளூரைடு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது குடிநீராகாது. மழை பொய்க்கப் பொய்க்க ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழ்ந்த மக்கள், தாகம் தீர்க்கும் நீரோடு நோயையும் பருகினர். காரணம் அறியப்பட்டது. பக்கத்திலேயே பாயும் காவிரியின் நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

நோய் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, காரணம் நீங்கினால் நோய் நீங்கும், நீக்க வழி உண்டு. நான்கு வாய்மைகளின் நடை இதில் தெரியவில்லையா? ‘விதி’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு, ‘எதனால்?’ என்ற ஒரு சொல்லை வைத்தவுடன் துன்பத்தின் பாதி அவிழ்ந்துவிடுகிறது. வளைந்துவிட்ட எலும்பை நல்ல நீர் நிமிர்த்தாது என்பதும் உண்மையே. முன்னரே துன்புற்றவர்க்கு இன்னும் நம் கையும் தோளும் தேவை. அங்கேதான் மருத்துவம் முடிந்து அருள் தொடங்குகிறது.

நம் கண்ணெதிரே நிலையாமைக்கும் ஒரு பாடம் கிடக்கிறது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபோது காவிரிக்கரை ஊர்கள் பல நீருள் மூழ்கின. மக்கள் மேட்டுநிலங்களுக்குப் பெயர்ந்தனர். ஏரியூர்ப் பகுதியின் நாகமரையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை பண்ணவாடி. நீர்மட்டம் வெகுவாய்க் குறையும் கோடையில் அங்கே பழைய கோவிலின் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் நீருக்கு மேல் தலைகாட்டுகின்றன. அவ்வாலயத்தில் மன்றாடியவர்களும் அக்கோவிலில் விளக்கேற்றியவர்களும் ஒரே வெள்ளத்துக்கு ஊரை விட்டனர். அவர்களது இழப்பால் டெல்டா விளைந்தது. நிலையாதது நிலையாது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒருவரின் இழப்பில் மற்றொருவர் உண்ணும்போது, இழந்தவரை மறப்பதை ஏற்றுக்கொள்ள முடியாது.

இரு வழிகளின் சந்திப்பு

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கை, மாறிவரும் இவ்வுலகின் போதாமையைப் பௌத்தம் ஆழமாக உணர்ந்திருப்பதை மதிப்போடு குறிப்பிடுகிறது. வேறுபாடுகள் இல்லாமலில்லை. படைத்துக் காக்கும் இறைவனைப் பற்றிப் புத்தர் போதிக்கவில்லை; விடுதலை தன் முயற்சியால் அடையத்தக்கது என்றார். நாமோ துன்பத்தினுள்ளேயே இறங்கி வந்த இறைவனை நம்புகிறோம். அங்கே துன்பம் அணைக்கப்பட வேண்டிய தீ. இங்கே அன்பினால் சுமக்கப்படும்போது அது சிலுவை. இவ்விரண்டையும் ஒன்று என்று சொல்வது இரண்டுக்கும் செய்யும் அநீதியாகும்.

ஆனால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. வினய நூல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு துறவியை உடன்துறவிகள் எவரும் கவனிக்கவில்லை. அவர் எங்களுக்கு எவ்வகையிலும் பயன்படாதவர் என்றனர். புத்தர் தாமே நீர் வருவித்து, ஆனந்தரோடு சேர்ந்து அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார். பின்பு கூட்டத்தை அழைத்து, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்யட்டும் என்னும் பொருள்பட உரைத்தார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

தகடூர் ஆண்ட அதியமான் அஞ்சி, உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்பர். பின்னர் அவனது தகடூர் சேரனின் முற்றுகையில் வீழ்ந்தது. சாவை விலக்கும் கனி அவனிடம் இருந்தது. அவன் அதைக் கொடுத்துவிட்டான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் பெயர் நம் நாவில் இருப்பது, கோட்டையைக் காத்ததால் அன்று, கனியைக் கொடுத்ததால். மாந்தன் ஏன் துன்புறுகிறான் என்ற வினாவிற்கு முழு விடை நமக்குக் கிட்டாமலிருக்கலாம். நம் தெருவில் துன்புறுகிறவன் யார் என்ற வினாவிற்கு விடை நமக்குத் தெரியும். அவன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் தெரியும்.